வீட்டுக் காற்றின் வடிகட்டி



அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகளில் நிலவறையிலோ ஒரு சிற்றறையிலோ ஓர் இயந்திரம் அமைந்திருக்கும். பனிக்காலத்தில் அது காற்றைச் சூடாக்கும். கோடையில் அதனோடு பொருந்திய சுருள் அதே காற்றைக் குளிர்விக்கும். விசிறியொன்று அக்காற்றைத் தகரக் குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்பி, வேறொரு குழாயின் வழியே திரும்ப இழுத்துக்கொள்ளும். அங்ஙனம் திரும்பும் காற்று இயந்திரத்துள் புகும் வாயிலில் அட்டைச் சட்டமிட்ட வடிகட்டி ஒன்று செருகப்பட்டிருக்கும். மேற்படிப்பின் பொருட்டு அந்நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகள், வாடகை வீட்டில் இதனை மாற்ற வேண்டும் என்பதையே அறியாதிருக்கின்றனர். ஆகவே இதனைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றேன்.

வடிகட்டி என்றதும் மாவு சலிக்கும் சல்லடை நம் நினைவுக்கு வரும். அந்த உவமை பாதி வழிதான் துணை செய்யும். வடிகட்டியின் இழைகளுக்கு இடையேயுள்ள வெளி, அது பிடிக்கும் தூசியைக் காட்டிலும் மிகப் பெரியது. பின் எவ்வாறு பிடிக்கின்றது? இழையை வளைந்து சுற்றிச் செல்லும் காற்றோடு பெருந்துகளால் வளைய இயலாது. சடத்துவத்தால் நேரே சென்று இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகளையோ காற்றின் மூலக்கூறுகள் இங்குமங்கும் தள்ளி அலைக்கழிக்கும். இதுவே நீங்கள் பாடத்திற் படித்த பிரௌனியன் இயக்கம். அலையும் துகள் எங்கேனும் ஓர் இழையைத் தொட்டுச் சிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகளே எளிதில் தப்புகின்றது. முன்வரிசையும் கடைசி வரிசையும் ஆசிரியர் கண்ணிற் பட, நடுவரிசை தப்புவது போல என்று கொள்ளலாம்.

வடிகட்டிகளின் திறனை மெர்வ் என்னும் எண்ணால் குறிப்பர். அட்டையில் 8 என்றிருப்பது மகரந்தம் போன்ற பருந்தூசிக்குப் போதும். 13 என்றிருப்பது 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களிலும் பாதிக்குக் குறையாமல் பிடிக்கும். 2023 ஜூன் மாதத்தில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க் நகரின் வானத்தைச் செம்மஞ்சளாக்கியபோது இவ்வெண்ணின் அருமை பலருக்கும் விளங்கிற்று.

அப்படியாயின் பேரெண்ணே நன்று என்று எண்ணற்க. நெருக்கமான வடிகட்டி காற்றைத் தடுக்கும். பழைய இயந்திரத்தின் விசிறி அதனைத் தாங்காமற் போகலாம். இயந்திரத்தின் கையேடு எவ்வளவு ஏற்கும் என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

அழுக்கேறிய வடிகட்டியும் அத்தகையதே. தூசி படியப் படிய அது இன்னும் நன்றாகவே வடிகட்டும்; ஆனால் காற்று குறைந்துகொண்டே வரும். கோடையில் போதிய வெப்பக்காற்று தீண்டாமையால் சுருளின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனிக்கட்டியாய் உறையும். அக்கட்டி மேலும் காற்றை மறிக்கும். வீடு குளிராமையால் குளிரூட்டியை இன்னும் தணித்து வைப்பவர் உண்டு. அது தீமையைப் பெருக்குவதே. பனிக்காலத்திலோ வெப்பம் வெளியேற வழியின்றி உலை மிகைச்சூடேறும். காப்புப் பொத்தான் அதனை அணைத்துவிடும். கடுங்குளிர் இரவில் இது நேர்ந்தால் வீட்டாரின் நிலை என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாற்றுவது எளிது. முதலில் இயந்திரத்தை நிறுத்துக. பழைய சட்டத்தை உருவி, அதன் விளிம்பில் அச்சிட்ட அளவைக் குறித்துக்கொள்க. 16, 25, 1 அங்குலம் என்பது போல இருக்கும். அளவு சற்றுக் குறைந்தாலும் காற்று ஓரத்து இடுக்கின் வழியே வடிகட்டப்படாமலே நுழைந்துவிடும். புதியதன் மேலுள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையை, அதாவது விசிறியை, நோக்கியிருத்தல் வேண்டும். நான் கேட்ட அளவில், பிழை நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஓரங்குலக் கனமுள்ளதை மாதந்தோறும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுவது நன்று. வீட்டில் நாயோ பூனையோ இருப்பின் அதற்கு முன்பே வேண்டியிருக்கும். மாற்றிய நாளைச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்துக் குடிவருபவருக்கும் அது பயன்படும்.