முகங்கொடுத்துக் கதைப்போம்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் இன்று பலர் எமது கல்லூரியின் வெற்றிகளைச் சொன்னார்கள். நாங்கள் ஒரு தவறைச் சொல்ல வந்திருக்கிறோம். நாளை வேலைக்குப் போகப்போகும் தங்கைமாருக்கு அது பயன்படும் என்று நினைக்கிறோம். 'நாங்கள்' என்பது, எமது வகுப்பிலிருந்து மருத்துவபீடம் சென்று, ஒரே வைத்தியசாலைக்கு ஒன்றாக நியமனம் பெற்ற எம் இருவரையும் சேர்த்துத்தான்.

2010 ஆம் ஆண்டு, மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். வன்னியில் ஒரு வைத்தியசாலையின் மகப்பேற்று விடுதியில் கடமையேற்றோம். கூரைத் தகரம் புதிது, கட்டில்கள் புதிது, நாங்களும் புதிது. பழையவர் ஒருவர்தான், விடுதிக்குப் பொறுப்பான தாதிய உத்தியோகத்தர். எல்லோருக்கும் அவர் மிசி.

மிசி எங்களுக்கு முகங்கொடுத்துக் கதைக்கமாட்டார். நாங்கள் எழுதிய மருந்தை நோயாளியின் முன்னாலேயே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மருந்து அலுமாரித் திறப்பைக் கேட்டால் "எதுக்கு?" என்பார். ஒருநாள் காலை, விடுதி நிறைந்த தாய்மார் பார்த்திருக்கச் சொன்னார்: "டொக்டர், புத்தகத்தில இருக்கிறதெல்லாம் இஞ்சை நடக்காது. ஒரு வருசத்தில மாற்றம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போயிடுவியள். நாங்கள்தான் இஞ்சை கிடக்கிறது."

எங்களுக்குச் சுட்டது. அன்றிலிருந்து நாங்களும் பேச்சைக் குறைத்தோம். வேண்டியதை எழுதிவைத்தோம். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசாமல், சண்டை பிடிக்காமல் நல்ல பிள்ளைகளாக நடக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

அந்த மாதத்திலேயே ஒரு மாலை, ஐந்தாவது பிள்ளைப்பேற்றுக்கு ஒரு தாய் வந்தார். "இவவில ஒரு கண் வைச்சிருக்கோணும்" என்று மிசி பொதுவாகச் சொன்னார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பல பிள்ளை பெற்றவரின் கருப்பை, பிரசவத்தின் பின் சுருங்காமல் தளர்ந்துபோகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். முன்னைய பிரசவத்தில் அவருக்கு இரத்தம் கூடுதலாகப் போனது என்பது மிசிக்குத்தான் தெரியும். அதை எழுதியிருந்த கிளினிக் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்துபோய்விட்டது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாலையிலேயே இரத்தத்துக்கு ஒழுங்கு செய்திருப்போம்.

நள்ளிரவு கழிந்து குழந்தை பிறந்தது. குருதிப்போக்கு நிற்கவில்லை. 500 மில்லிலீற்றருக்கு மேல் போனால் விழித்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தோம். அன்று போனது அதைவிட எவ்வளவோ கூட. மிசி கருப்பையைப் பிசைந்தபடி நின்றார். நாங்கள் ஒட்சிரோசின் ஏற்றினோம். இரத்தம் வேறு ஊரிலிருந்து வரவேண்டும். குண்டும் குழியுமான வீதியில் அம்புலன்ஸ் போய் வரும்வரை ஒருவரும் இருக்கவில்லை. அந்தத் தாய் பிழைத்தார். விடியும்போது எங்கள் மூவரின் உடுப்பிலும் அவருடைய இரத்தம்.

"முந்தியும் இப்பிடி நடந்ததெண்டு ஏன் மிசி சொல்லேல்லை?" என்று கேட்டோம்.

"நீங்கள் கேக்கேல்லையே, டொக்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று காலைத் தேநீரின்போதுதான் அவர் வந்த வழியை அறிந்தோம். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் கிளிநொச்சியிலிருந்து வைத்தியசாலையும் மக்களோடு இடம்பெயர்ந்தது. தருமபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று, கிடைத்த கட்டடங்களிலும் தறப்பாளின் கீழும் வைத்தியம் நடந்தது. மிசி அந்த வழியால் வந்தவர். பிறகு செட்டிக்குளம் முகாம், அங்கிருந்து இந்த விடுதி. நாங்கள் வருமுன் வந்த டொக்டர்மார் இருவர் சில மாதங்களிலேயே மாற்றம் எடுத்துப் போயிருந்தார்கள். அவர் சொன்னது சுடுசொல்தான், அது சரியென்று நாங்கள் வாதாடவில்லை. ஆனால் அதன் அடியில் களைப்பும், இவர்களும் விட்டுவிட்டுப் போவார்கள் என்ற பயமும் இருந்தன.

அடுத்த நாளிலிருந்து மூன்று பழக்கங்களைப் பிடித்துக்கொண்டோம். கடமைக்கு வந்ததும், பதில் வந்தாலும் வராவிட்டாலும், மிசிக்குக் காலை வணக்கம். ஒவ்வொரு நோயாளியிடமும் "வேறை ஏதும் நாங்கள் கவனிக்கோணுமா, மிசி?" என்று ஒரு கேள்வி. அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதிப்படுத்துதல். முதல் இரண்டு கிழமை "ம்" என்பதே பதில். மூன்றாம் கிழமையில் பதில்கள் நீண்டன.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2008 இல் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கென 19 விடயங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. புதுடில்லி, மணிலா, இலண்டன் உட்பட 8 நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009 இல் வந்தது. சத்திரசிகிச்சையின் பின்னான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. பட்டியலில் உள்ள பல விடயங்களும் சேர்ந்துதான் அந்தப் பலன் வந்தது. ஆயினும் உயிர் காக்கும் வேலையில், ஆளோடு ஆள் பேசுவதையும் எழுதி வைத்துச் செய்யவேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தங்கைமாரே, நீங்கள் வங்கிக்கும் போவீர்கள், பாடசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் போவீர்கள். அங்கேயும் ஒரு மிசி இருப்பார். அவரை விரும்பவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலைக்கான பேச்சை மட்டும் அறுத்துவிடாதீர்கள். நீங்கள் இருவரும் கதைக்காவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் அந்தக் கட்டிலில் கிடப்பவர், அந்த வாங்கில் காத்திருப்பவர்.

ஒன்றை மறக்கவேண்டாம். கடுமை வேறு, கொடுமை வேறு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பெண் என்பதால் தொந்தரவு செய்தால், பொறுமை காக்கவேண்டாம். திகதியும் நேரமும் குறித்து வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். தனியே போகப் பயமென்றால் இந்தச் சங்கத்து அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் மாலையில் இன்னொன்றும் நடந்தன. யாரென்று தெரியாத பிள்ளைகளோடு வாங்குகளில் நெருங்கியிருந்து படித்த தலைமுறை நாங்கள். அன்று படித்ததை வேலைக்குப் போனதும் மறந்துவிட்டோம். மிசிதான் அதை எங்களுக்கு நினைவூட்டினார்.

மிசி கடைசிவரை இனிக்க இனிக்கப் பேசவில்லை. நாங்கள் அங்கே நான்கு வருடம் இருந்தோம். புறப்பட்ட அன்று வாசல்வரை வந்தார். "ஒரு வருசமெண்டு சொன்னன், பிழைச்சுப்போச்சு" என்றார்.

எமது கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.