துப்பறியப் போகும் நம் பிள்ளைகள்

(கோடை விடுமுறை நூலக நிகழ்ச்சி குறித்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த விடுமுறையில் நம் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துச் சென்று துப்பறியும் விளையாட்டு ஒன்றை நடத்த இருக்கிறோம். கேள்விப்பட்ட சிலர், "துருவித் துருவி ஆராய்வது மார்க்கத்தில் கூடாதே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது. பன்னிரண்டாவது வசனம், பிறர் குறையைத் துருவுவதைத் தடுக்கிறது. செய்தியைச் சோதிக்க வேண்டும். மனிதரை வேவு பார்க்கக் கூடாது. எங்கள் விளையாட்டும் அப்படித்தான். அதில் திருடன் கிடையாது. காணாமல் போனது ஒரு புத்தகம். அதைத்தான் தேட வேண்டும்.

நான்கு நான்கு பேராகப் பிரிவார்கள். முதல் சீட்டில் 598 என்ற எண் மட்டும் இருக்கும். நூலகங்கள் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பு முறையில் அது பறவைகளுக்கான எண். அந்த அடுக்கில் ஒரு புத்தகத்துக்குள் அடுத்த சீட்டு, அதில் ஒரு கேள்வி. விடையை வாயால் சொன்னால் போதாது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

பிறகு கைரேகை. பென்சிலைத் தாளில் அழுத்தித் தேய்த்து, அந்தக் கரியில் விரலை வைத்து, செல்லோ டேப்பில் ஒற்றி வெள்ளைத் தாளில் ஒட்டினால் ரேகை தெளிவாகத் தெரியும். அது வில்லா, கண்ணியா, சுழியா என்று பிள்ளைகளே பிரிப்பார்கள்.

இதில் நமக்குப் பெருமையும் உண்டு. கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான ரேகைகளில் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது என்பதே சிக்கல். 32 வரிசை, வரிசைக்கு 32 அறை என 1024 அறைகளில் அவற்றை அடுக்கும் கணக்கை வகுத்தவர் காவல்துறையில் பணியாற்றிய காஜி அஜீசுல் ஹக். அந்த முறை 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கும் போனது. நூலக அடுக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது: ஒழுங்காக அடுக்கினால்தான் உண்மையைத் தேடி எடுக்க முடியும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. கைப்பேசியில் பரவிய வதந்திதான் அதற்குக் காரணம். "இதை யார் சொன்னது? ஆதாரம் என்ன?" என்று கேட்க ஒருவராவது முன்வந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கலாம். நம் பிள்ளைகள் அப்படிக் கேட்பவர்களாக வளர வேண்டும்.

நூலகம் நம்முடையதுதான். வீட்டு வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியாக நாம்தான் கட்டுகிறோம். மதரஸா நேரத்துக்கு இடையூறு வராமல் நடத்துவோம். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள். உடன் தாய்மார்களும் வரலாம். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.