கிராம சபைக்கும் பயிற்சி வேண்டும்

அரசியல் சாசனத்தின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கென வகுத்துள்ள 29 விஷயங்களுள் மீன்வளமும் ஒன்று என்பதை, வேம்பார் முதல் மணப்பாடு வரை நீளும் நம் முத்துக்குளித்துறையில் எத்தனை பேர் அறிவோம்?

1993-இல் அமலுக்கு வந்த 73-ஆவது திருத்தம் உள்ளாட்சிக்குச் சாசன அந்தஸ்தை அளித்தது. ஆயினும் வரவுசெலவுக் கணக்கை வாசிக்கவும், தீர்மானத்தைப் பிழையின்றி எழுதவும், மாறுபட்ட அபிப்பிராயம் உடையோரை ஒரே சபையில் அமர்த்திப் பொறுமையோடு பேசவைக்கவும் தேர்தல் வெற்றி ஒன்றே எவருக்கும் கற்றுக்கொடுத்துவிடாது. இதை உணர்ந்தே, 1996-இல் சென்னைக்கு அருகிலுள்ள குத்தம்பாக்கத்தின் ஊராட்சித் தலைவரான பொறியாளர் இளங்கோ, தம் அநுபவத்தைப் பிற தலைவர்களுக்கும் போதிக்கவேண்டுமென்ற சங்கல்பத்தோடு, கிராம சுயாட்சிக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதன் வாயிலாக ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி அளிக்கலானார்.

முடிவைத் தாம் சொல்லாமல், ஊராரையே முடிவுசெய்ய வைப்பதுதான் நல்ல பயிற்சியாளரின் லட்சணம். மீன் ஏலக்கூடமானாலும் குடிநீரானாலும், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தினங்களில் கூடும் கிராம சபையில் அதை எழுப்ப, ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அடுத்த சபைக்குக் கேள்வியோடு செல்லுங்கள்.