பல நூலகங்கள், ஒரு பட்டியல்

நூல்களை அடுக்கிப் பூட்டி வைப்பதற்கு நூலகம் வேண்டியதில்லை. ஒரு நல்ல அலமாரி போதும். வேண்டியவர் கையில் வேண்டிய நூலைச் சேர்ப்பதே நூலகத்தின் தொழில். இவ்வுண்மையை விதிகளாக வகுத்து உலகுக்கு உரைத்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924 ஆம் ஆண்டிற் பொறுப்பேற்ற அவர், 1931 இல் நூலக இயலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகனும் அவனுக்குரிய நூலும் ஒருவரையொருவர் தேடி அலையாமற் சந்திக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் சாரம். அச்சந்திப்பை நிகழ்த்தி வைக்கும் தூதுவன் நூற்பட்டியல்.

ஒரு கட்டடத்துள் அடங்கிய நூல்களுக்குப் பட்டியல் எழுதுவது ஓரளவுக்கு எளிது. உள்ளவற்றை எண்ணி, ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் என்பவற்றைக் குறித்தாற் போதும். இன்றோ ஏடுகள் மின்வடிவம் பெற்றுவிட்டன. ஒரே ஆய்விதழைப் பத்துப் பல்கலைக்கழகத்தார் ஒரே வேளையில் வாசிக்கின்றனர். சுவரில்லாத இந்த நூலகத்துக்குப் பட்டியல் எழுதுவது யார்? பத்துப் பேரும் தனித்தனியே பத்து முறை எழுதுவதா, அன்றிக் கூடி ஒருமுறை எழுதிப் பகிர்ந்துகொள்வதா? இது நூலகர்கள் தமக்குள்ளே பேசித் தீர்க்கும் சிறு தொழில் நுட்பம் எனச் சிலர் கருதக்கூடும். ஒரு சிற்றூரின் வரலாறு நிலைபெறுவதும் மறைந்துபோவதும் இக்கேள்வியின் விடையைச் சார்ந்திருக்கிறது என்பதை வேலணையை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் உணரலாம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலின் தாம்போதி வழியே செல்லும் வீதி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்னும் ஊர்களைக் கடந்து வேலணையை அடைகிறது. அங்கிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கிறது. அதன் முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. இத்தீவகத்து ஊர்கள் தத்தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்துள்ளன. பாடசாலை ஆண்டு மலர்கள், ஆலயங்களின் கும்பாபிஷேக மலர்கள், சனசமூக நிலையங்களின் வெளியீடுகள், இறந்தோர் நினைவாக அச்சிட்டு வழங்கும் சிறு நூல்கள் எனப் பலவாக அவை விரியும். கடைத்தெருவில் விற்கப்படாத இவற்றைப் பெரிய நூலகங்கள் விலை கொடுத்து வாங்குவது அரிது. ஆயினும் ஓர் ஊரின் குடிவழியும், கோயில் திருப்பணியும், புகையிலைச் செய்கையும், பள்ளிக்கூடம் எழுந்த கதையும் வேறெங்கும் காணக்கிடையாதபடி இவற்றிலேயே பொதிந்துள்ளன.

1990 ஆம் ஆண்டு தொடக்கம் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மக்களோடு ஏடுகளும் சிதறின. ஒரு பிரதி கொழும்பில் உறவினர் வீட்டில், மற்றொன்று இலண்டனில், இன்னொன்று ரொறன்ரோவில். வேலணை மத்திய கல்லூரியின் மாணவி ஒருத்தி தன் ஊரின் வேளாண்மை பற்றி ஒரு கட்டுரை எழுத விரும்பினால், எந்த மலரின் எந்தப் பக்கத்தில் அச்செய்தி உள்ளது, அம்மலர் இன்று எங்கே இருக்கிறது என்பதை அவளுக்கு யார் சொல்வார்? ஊரிற் பெரியவர் ஒருவர் சொல்லக்கூடும். அவருக்குப் பின்னர், பொதுப் பட்டியல் ஒன்றே சொல்ல வல்லது.

பட்டியலும் பிரதியும் ஓரிடத்திலேயே தங்கியிருப்பதன் ஆபத்தைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. கட்டடம் பின்னர் மீள எழுந்தது. அழிந்தவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறு பிரதிகள் உலகில் எங்கோ இருத்தல் கூடும். எங்கே என்பதுதான் வினா. எந்த நூல் எந்த நூலகத்தில் உண்டு எனக் காட்டும் கூட்டுப் பட்டியல் ஒன்று இருப்பின், ஓரிடத்தில் இழந்ததை மற்றோரிடத்திற் கண்டு படியெடுத்தல் இயலும்.

கூடிப் பட்டியல் எழுதும் வழக்கம் புதியதன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 ஆம் ஆண்டிலேயே தன் பட்டியல் அட்டைகளை அச்சிட்டுப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒருவர் உழைப்பு பலருக்குப் பயன்பட்டது. 1967 இல் ஒகையோ மாநிலத்துக் கல்லூரிகள் 54 சேர்ந்து ஒரு கூட்டமைப்பை நிறுவின. 1971 முதல் அவை தொலைபேசிக் கம்பிவழி ஒரே கணினியில் இணைந்து பட்டியலிட்டன. முதலிற் பெறும் நூலகம் குறிப்பை எழுதும். அடுத்துப் பெறுவது அக்குறிப்பின்கீழ்த் தன் பெயரை மட்டும் சேர்க்கும். அச்சிறு தொடக்கமே ஐம்பது கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்ட உலகப் பட்டியலாக இன்று வளர்ந்துள்ளது. இந்தியாவில் 1991 இல் தொடங்கப்பெற்று இப்போது காந்திநகரிலிருந்து இயங்கும் இன்ஃபிளிப்நெற் மையம், பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலைப் பேணி வருகின்றது.

இனி, மின்னேட்டைப் பட்டியலிடுவதில் உள்ள தனிச் சிக்கலை நோக்குவோமாயின், அது அச்சு நூலினின்றும் மூவகையால் வேறுபடுகிறது. முதலாவது, அச்சு நூல் நூலகத்தின் உடைமை. மின்னிதழோ பெரும்பாலும் சந்தாவினாற் பெறும் வாசிப்பு உரிமை. சந்தா முடிந்தால் அலமாரி வெறுமையாகும். பட்டியலிற் பெயர் மட்டும் நின்று வாசகனை ஏமாற்றும். இரண்டாவது, ஒரே இதழை இரு நிறுவனங்கள் வழங்கலாம். ஒன்று தொடக்கக் காலந்தொட்டு வழங்கும். மற்றொன்று அண்மைய ஓராண்டின் இதழ்களை மறைத்து வைக்கும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது குறிப்பில் இல்லையேல் அக்குறிப்பால் பயனில்லை. மூன்றாவது, நூலின் இருப்பிடம் மாறிக்கொண்டே இருக்கும். இணைய முகவரி ஒன்று மாறினால், அதனை எழுதிவைத்த அத்தனை நூலகங்களிலும் வழி அடைபடுகிறது.

இத்தகைய மாற்றங்களை ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே தேடித் திருத்துவது, ஒரே கிணற்றைத் தூர்வார ஊரிலுள்ளோர் அனைவரும் வெவ்வேறு நாளில் வந்து மண் அள்ளுவதை ஒக்கும். ஆகவேதான் வெளியீட்டாளர் தம் இதழ்ப்பட்டியலை எவ்வடிவிற் கொடுக்க வேண்டும் என்பதற்கு 2010 ஆம் ஆண்டில் ஒரு பொது நியமம் வகுக்கப்பட்டது. இதழின் பெயர், அடையாள எண், தொடங்கும் நாள், முடியும் நாள், முகவரி என்பவை ஒரே ஒழுங்கில் வந்தால், ஓரிடத்திற் செய்யும் திருத்தம் எல்லா இடத்துக்கும் பாயும்.

எனினும், கணினியால் தீர்க்கவியலாத பகுதி ஒன்று உண்டு. அது பெயர். வேலணை அமைந்த தீவையே எடுத்துக்கொள்க. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரின் பெயரால் அதனை லைடன் என்றனர். ஆங்கில ஏடுகளில் அது கயிற்ஸ் தீவு எனவும் வரும். கயிற்ஸ் என்னும் துறைமுக ஊரைத் தமிழர் ஊர்காவற்றுறை என்பர். நெடுந்தீவு ஒல்லாந்தர்க்கு டெல்வ்ற்; நயினாதீவு அவர்க்கு ஹார்லெம், சிங்கள மக்களுக்கு நாகதீபம். பேராதனையில் ஒரு நூல் டெல்வ்ற் என்ற பெயரின்கீழும், யாழ்ப்பாணத்தில் மற்றொன்று நெடுந்தீவு என்ற பெயரின்கீழும் பதிவாகுமானால், இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியன என்பதைக் கணினி தானாக அறியாது. இப்பெயர் அப்பெயரே எனக் காட்டும் இணைப்பை அறிந்தவர் ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும்.

ஆட்பெயர்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயர், ஆங்கில அகரவரிசைப் பட்டியல்களில் ஓரிடத்தில் நான்காம் எழுத்திலும் வேறோரிடத்தில் இருபதாம் எழுத்திலும் தொடங்குகிறது. காலக் குறிப்பிலும் இடர் உண்டு. பழைய நூலின் முகப்பில் சர்வசித்து வருடம் என்று மட்டும் இருந்தால், அது 1887 ஆ, 1947 ஆ என்பதைத் தாளையும் அச்சையும் பார்த்தே துணிதல் வேண்டும். அறுபதாண்டுத் தவறு ஒன்று பட்டியலில் ஏறிவிட்டால், பகிர்ந்துகொள்ளும் நூலகங்கள் அனைத்திலும் அது பரவும்.

எல்லாவற்றிலும் சுவையான எடுத்துக்காட்டுக் கல்வெட்டு என்னும் சொல். தமிழகத்து நூலகர்க்கு அது பாறையிலும் கோயிற் சுவரிலும் பொறித்த சாசனம். யாழ்ப்பாணத்திலோ, மரணச் சடங்கின் நிறைவில் சுற்றத்தார் வெளியிடும் நினைவு நூலையும் கல்வெட்டு என்பர். இறந்தவரின் குலமுறையும் வாழ்க்கையும் அதிற் பாடப்படும். ஊரறியாத ஒருவர் இந்நூலைத் தொல்லியல் என்னும் தலைப்பின்கீழ் அடுக்கிவிட்டால், வேலணைக் குடும்பமொன்றின் வரலாற்றைத் தேடுவோர் அதனை என்றுமே காணார். நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

எழுத்துருவும் இத்தகையதொரு தடையாயிற்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு ஒரே குறியீட்டு முறை வகுத்த யுனிகோடு, 1991 இல் வெளியான தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்தது. ஆயினும் அதன் பின்னரும் நெடுங்காலம் பாமினி முதலிய எழுத்துருக்களே ஈழத்தமிழரிடையே வழங்கின. அவற்றில் எழுதியது திரையில் தமிழாகத் தோன்றும். கணினியின் உள்ளேயோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாக இருக்கும். அவ்வாறு பதிந்த பட்டியல்களை மாற்றியமைத்தாலன்றித் தேடலுக்கு அகப்படா.

இச்சிக்கல்களுக்கிடையே நம்பிக்கை தரும் முயற்சி ஒன்று 2005 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி யாவரும் இலவசமாக வாசிக்கத் தரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகமே அது. பல நாடுகளிலுள்ள தன்னார்வலரின் உழைப்பால் வளர்ந்த அது, பாடசாலை மலர்களையும் நினைவு மலர்களையும் நூல்களுக்குச் சமமாக மதித்துச் சேர்த்தது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் என்பவை தமிழிலேயே பதியப்பட்டுள்ளன. பொருளடக்கத்தையும் தட்டெழுதிச் சேர்த்த இடங்களில் ஒரு மலருக்குள் இருக்கும் தனிக் கட்டுரையும் தேடலிற் கிடைக்கிறது. பல்கலைக்கழகங்கள் எட்டிப் பாராத ஏடுகளைப் பட்டியலிடும் வேலையை ஒரு மக்கள் இயக்கம் செய்து காட்டியது.

இனி வேண்டுவது ஒருங்கிணைப்பு. தமிழ் நூல்கள் மிகுதியாகப் புழங்கும் யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா ஆகியவற்றின் நூலகங்களும் பேராதனை, கொழும்பு நூலகங்களும் தம்முள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆங்கில ஆய்விதழ்களின் குறிப்புகளை உலகப் பட்டியல்களிலிருந்து பெறலாம். அவற்றை மீள எழுதுவது வீண். தமிழ் ஏடுகளுக்கு நாமே எழுதினாலன்றி வேறெவரும் எழுதார். ஒரு நூலுக்கு ஒரு குறிப்பு. அதன்கீழ் எந்த நூலகத்தில் அச்சுப் பிரதி, எங்கே மின்பிரதி என்ற விவரம். ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் ஒரு பொது நிர்ணய ஏடு. தவறு கண்டவர் எவராயினும் அறிவிக்க ஒரு வழி. அதனை ஆராய்ந்து திருத்தப் பொறுப்பான ஒருவர். இந்நான்கும் அமைந்தால் கூட்டுப் பட்டியல் உயிர்பெறும். இவற்றுள் பொறுப்பான ஒருவர் இல்லாமற் போனால் ஏனைய மூன்றும் சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும்.

எல்லாரையும் எழுதவிட்டால் பட்டியலின் தரம் குன்றாதா எனக் கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. விதிகளைப் பயின்ற நூலகரே குறிப்பின் வடிவத்தை முடிவு செய்தல் வேண்டும். அதில் தளர்ச்சி கூடாது. ஆனால் விதிகளை நன்கறிந்த நூலகர் வேலணையின் குறிச்சிப் பெயர்களை அறிந்திருப்பார் என எதிர்பார்க்கலாகாது. ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவருக்கோ பட்டியல் விதி தெரியாது. ஆயின் ஒரு மலரிலுள்ள புகைப்படத்தைப் பார்த்து இது எந்தக் கோயில் வீதி, இவர் எந்த உபாத்தியாயர் எனச் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை இவர் முறைப்படுத்தி எழுதுவதே கூட்டுப் பட்டியலின் உயர்ந்த பொருள்.

பெருநூலகங்கள் சிற்றூர்களுக்கு அறிவை வழங்கும், சிற்றூர்கள் பெற்றுக்கொள்ளும் என்பது பழைய எண்ணம். மின்னேடுகளின் காலத்தில் அவ்வெண்ணம் பொருந்தாது. ஊர்ப்பெயர்களையும் வழக்குச் சொற்களையும் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளாத குறிப்பைப் பின்னர் எந்த இயந்திரமும் எழுதித் தராது. ஆகவே, பல்கலைக்கழகங்களின் பொதுப் பட்டியல் முற்றாக அமையும் நாள்வரை காத்திராமல், தீவகத்தின் ஒவ்வொரு பாடசாலையும் வாசிகசாலையும் தன்னிடமுள்ள மலர்களின் பெயரையும் ஆண்டையும் அவை பேசும் ஊர்களின் பெயர்களையும் இப்போதே ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் தகும். பெரும் பட்டியல் அக்கொப்பிகளிலிருந்தே தொடங்கும்.