நோய் போய்விட்டது, லயத்துக் கொப்பி போய்விடக் கூடாது

(தோட்டப் பிரிவுகளின் குடும்பத்தினர் கலந்துகொண்ட மாதாந்தக் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்களும் அறிந்துகொள்வதற்காக இங்கே தருகிறோம்.)



காலையில் பிரட்டுக்கு நின்று, பகல் முழுக்க மலையில் ஏறி இறங்கி, அந்திக் கொழுந்தும் நிறுத்துவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவும் நேரமில்லாமல் இந்தப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. கொரோனாவுக்குப் பிறகு நாம் எவ்வளவு தூரம் எழுந்து வந்திருக்கிறோம், எது இன்னும் எழும்பவில்லை, இன்னொரு ஆபத்து வந்தால் எப்படித் தப்புவது, இந்த மூன்றையும் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். இடையிலே எங்கள் பக்கத்துப் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடந்து வந்த வழி

2020 மார்ச் 20ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். கொழும்பிலே கடை கண்ணி, ஆபீஸ் எல்லாம் மூடினார்கள். தோட்டத்திலே கொழுந்து பறிப்பது மட்டும் நிற்கவில்லை. நாட்டுக்கு டொலர் வரவேண்டும் என்று நீங்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனீர்கள். அந்த வருடம் ஒக்டோபரிலே இரண்டாம் அலை தொடங்கியது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதா, வேண்டாமா என்று தவித்ததை நாம் மறக்கவில்லை.

"நோயாளியைத் தனியாக ஒரு அறையில் வையுங்கள்" என்று வானொலியிலே சொன்னார்கள். அப்போது ஒரு அம்மா எங்களிடம் கேட்டார்: "ஐயா, எங்க வீட்டுல ஒம்பது பேரு, இருக்கிறது ஒரு காம்பராவும் இஸ்தோப்பும். யார எங்க ஒதுக்கி வைக்கிறது?" வெள்ளைக்காரன் காலத்துப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பீலி ஒன்று, கக்கூஸ் ஒன்று, அதற்குப் பல குடும்பம். அந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்றைக்குப் பதில் இருக்கவில்லை.

ஆனால் நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த தங்கச்சிமார் லயத்துக்கு ஒரு கொப்பி போட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், வெளியூரில் இருந்து யார் வந்தது, யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கிளினிக் மருந்து முடியப் போகிறது என்று எல்லாம் எழுதினார்கள். அந்தக் கொப்பியை வைத்துத்தான் பிரஷர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் வீடு தேடி வந்தன. 2021இலே தடுப்பூசி போட வந்தபோது, நடக்க முடியாத பெரியவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று மருத்துவ மாதுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்தக் கொப்பிதான்.

நாட்டிலே 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. 16,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நம் பிரிவுகளிலும் இழப்பு உண்டு. கிட்டப் போய் ஒரு பிடி மண் போடவும் முடியாமல் அனுப்பி வைத்தவர்களை இந்த வேளையில் நினைத்துக்கொள்கிறோம். 2023 மே 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது.

இன்னும் எழும்பாதவை

நோய் இறங்கியதும் கஷ்டம் இறங்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பரிலே தடையை நீக்கினாலும், உரம் காணாத மலை உடனே துளிர்க்குமா? நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இலே ஏறத்தாழ 30 கோடி கிலோ. 2022இலே ஏறத்தாழ 25 கோடி கிலோ. கொழுந்து குறைந்தால் பேர் குறையும் என்று உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே 2022 செப்டெம்பரில், கொழும்பு விலைக் கணக்குப்படி, சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. அந்த நேரம் அடகுக்குப் போன தோடும் சங்கிலியும் இன்னும் திரும்பி வராத வீடுகள் பல உண்டு.

அடகு வைத்ததை என்றைக்காவது மீட்கலாம். பிள்ளைகளின் படிப்புத்தான் எங்களுக்குப் பெரிய கவலை. 2020 மார்ச்சிலே மூடிய பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2021 ஒக்டோபருக்குப் பிறகுதான் படிப்படியாக வழமைக்கு வரத் தொடங்கின. 2022இலே எரிபொருள் இல்லாமல் திரும்பவும் மூடினார்கள். கைத்தொலைபேசியிலே பாடம் என்றார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். 2020இலே முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை, எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய காலத்தை வீட்டிலேயே கழித்தது. அந்தப் பிள்ளைகள் 2024இலே ஐந்தாம் ஆண்டுக்கு வந்தார்கள். இப்போது அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். வகுப்பு ஏறிவிட்டது, வாசிப்பு ஏறவில்லை. "எம் புள்ள பெரிய வகுப்பு, ஆனா பஸ் போர்ட வாசிக்கத் தெரியல" என்று ஒரு தாய் எங்களிடம் சொன்னார். வெட்கப்பட வேண்டாம் அம்மா, அது பிள்ளையின் குற்றமில்லை. சனிக்கிழமை பின்னேரம் இந்தப் பிள்ளைக்காம்பராவிலே வாசிப்பு வகுப்பு நடக்கிறது. வயதும் வகுப்பும் கேட்கமாட்டோம். அனுப்பி வையுங்கள்.

அந்த மழை இரவு

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியை நாம் எல்லோரும் கண்டோம். நாட்டிலே 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலே மண்சரிவில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எங்கள் பிரிவுகளிலே உயிர் தப்பினோம். ஆனால் தப்பிய விதம் சரியில்லை.

27ஆந் திகதி இரவு, கீழ் லயத்துக்கு மேலே மண் இறங்குகிறது என்று சத்தம் கேட்டு, சனங்கள் பாடசாலைக்கு ஓடினார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்டால் ஒருவர் 61 பேர் என்கிறார், இன்னொருவர் 64 என்கிறார். கடைசிக் காம்பராவில் காது கேளாத பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் கொழும்பில், மகள் மேல் டிவிசனில் கலியாணம் கட்டிப் போனவர். "பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருக்கும்" என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நடுச்சாமத்துக்குப் பிறகுதான் ஒரு சின்னப் பிள்ளை, "பாட்டி வீட்டுல வெளக்கு எரிஞ்சிச்சே" என்று சொன்னது. இரண்டு தம்பிமார் திரும்பிப் போய்ச் சேற்றுக்குள்ளால் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டி அதுவரை நல்ல தூக்கம். ஒன்றுமே கேட்கவில்லை அவருக்கு.

2020ஆம் ஆண்டுக் கொப்பியிலே அந்த லயத்துக்கு முதலாவதாக எழுதியிருந்த பெயர் அந்தப் பாட்டியுடையது. "காது கேளாது, தனியாக இருக்கிறார், கதவைத் தட்டினால் போதாது" என்றுகூட எழுதியிருந்தது. அந்தக் கொப்பி அன்றிரவு எங்கே இருந்தது? எங்கள் ஆபீஸ் அலுமாரிக்குள்ளே இருந்தது. கொரோனா முடிந்தது, வேலை முடிந்தது என்று நாங்கள்தான் கொப்பிகளை வாங்கிப் பூட்டி வைத்தோம். குழுக்களையும் கூட்டாமல் விட்டோம். அந்தத் தம்பிமாருக்கு ஏதாவது நடந்திருந்தால் அது எங்கள் கணக்கிலேதான் எழுதப்பட்டிருக்கும். இதை உங்கள் முன்னால் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமையில்லை.

கொப்பியில் என்ன எழுதுவது

ஆகவே லயத்துக்கு ஒரு கொப்பி திரும்பவும் வருகிறது. இந்த முறை அது ஆபீசில் இருக்காது, லயத்திலேயே இருக்கும். ஒரு தாயும் ஒரு இளைஞரும் பொறுப்பு. இரண்டு பேரும் வேறு வேறு வீடாக இருக்க வேண்டும். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

ஒவ்வொரு காம்பராவிலும் இரவிலே படுப்பவர்கள் எத்தனை பேர். கைக்குழந்தை, கர்ப்பிணி, நடக்கமாட்டாதவர், காது கேளாதவர் யார். தினமும் குளிசை போடுபவர் யார், என்ன குளிசை. ஸ்டோரில் இரவு வேலைக்குப் போகிறவர் யார். வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போன் நம்பர். மாதச் சம்பளம் எடுக்கிற நாளிலே ஒருமுறை பார்த்துத் திருத்துங்கள். அரைமணி நேர வேலை.

அதோடு வீட்டிலே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, சேமலாப நிதிக் கடதாசி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஓடும்போது தேட நேரம் கிடைக்காது.

மழையை அளப்போம்

மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலையில் எச்சரிக்கை தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறிவிடுங்கள். அதன் மழைக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம் பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றர், 4 அங்குலம் என்றால் ஆயத்தம். 150 மில்லிமீற்றர், 6 அங்குலம் என்றால் இருக்கக் கூடாது. ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் இருக்கக் கூடாது.

தோட்டத்து ஆபீசிலே மழை அளக்கும் கருவி உண்டு. ஆனால் அதைக் காலையில் ஒருமுறைதான் பார்ப்பார்கள். நீங்களும் அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமான பால்மா டின் ஒன்றை, கூரைத் தண்ணீரும் மரத்துத் தண்ணீரும் விழாத வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே நிறுத்திப் பார்த்தால் எத்தனை அங்குலம் என்று தெரியும். கரண்ட் போனாலும் போன் போனாலும் டின் பொய் சொல்லாது.

மழை அளவு குறைவாக இருந்தாலும் சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, மரமும் கரண்ட் கம்பமும் சாய்தல், கதவு திடீரென்று இறுகுதல், இல்லாத இடத்தில் ஊற்று வருதல், பீலித் தண்ணீர் கலங்குதல் அல்லது சட்டென்று நின்றுபோதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெரியவர், சின்னவர் பார்க்காமல் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

இந்த நம்பர்களைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அம்புலன்ஸ் 1990, காசு வேண்டாம். பொலிஸ் 119. வீட்டுக்குள்ளேயே அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டு யார் யார் என்ன பட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அதுவும் பாதுகாப்புத்தான்.

எங்கள் பொறுப்பு

போன கூட்டத்திலே ஒரு அண்ணன் எழுந்து கேட்டார்: "கொப்பி எழுதினா வீடு கெடைக்குமா?" நியாயமான கேள்வி. கொஸ்லந்தை மீரியபெத்தையிலே 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். போ என்று சொல்வது லேசு. எங்கே போவது, எந்த மண்ணில் குடியிருப்பது என்று காட்டாவிட்டால் சனங்கள் அடுப்பையும் கோழியையும் விட்டு எப்படிப் போவார்கள்? ஆகவே அண்ணனுக்கு நாங்கள் நேராகவே பதில் சொல்கிறோம். கொப்பி வீடாகாது. பாதுகாப்பான காணியும் வீடும் உங்கள் உரிமை. அது கிடைக்கும் நாள்வரை உயிரோடு இருப்பதற்குத்தான் கொப்பி.

எங்கள் பக்கத்தில் மூன்று வேலையை ஏற்றுக்கொள்கிறோம். ஒன்று, அடை மழை நேரத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மழை அளவை எடுத்து, லயப் பொறுப்பாளர்களுக்கு ஆள் விட்டாவது சொல்லுவோம். தமிழிலே சொல்லுவோம். இரண்டு, பாடசாலை, கோயில் மண்டபம் இரண்டின் சாவியும் இரவிலே யாரிடம் இருக்கும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தருவோம். மூன்று, ஆபத்தான இடத்தில் இருக்கும் லயங்களின் பட்டியலைப் பிரதேச செயலகத்துக்குக் கையளித்து, அங்கிருந்து வரும் பதிலை நல்லதோ கெட்டதோ அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவோம். பதிலே வரவில்லை என்றால் வரவில்லை என்றும் சொல்லுவோம்.

கூட்டம் முடிந்ததும் கொப்பிகள் கொடுக்கப்படும். கீழ் லயத்துக் கொப்பியிலே முதல் பெயரை நாங்களே எழுதிவிட்டோம். பாட்டி முன் வரிசையில்தான் இருக்கிறார். நாங்கள் பேசியது ஒன்றும் அவருக்குக் கேட்டிருக்காது. வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருக்கும் யாராவது கையைப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.