கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா?

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் சாப்பாடு செய்து அனுப்புகிறார்கள். இன்னொருவர், ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைப் போட்டு, வெள்ளிமலையில் நான்கு அறை எடுத்து விடுதி நடத்தப் போகிறார். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க கல்வராயன் மலைக்கு வருகிறவர்களை நம்பித்தான். சமையலும் உபசரிப்பும் உங்களுக்குத் தெரியும். பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்த எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்.

என் அக்காவும் மாமாவும் கள்ளக்குறிச்சியில் மெஸ் நடத்தினார்கள். தினமும் கல்லாப் பணத்தை மாமா என் கவுண்டரில்தான் கட்டுவார். "நல்லா போகுது மாமா" என்று நானே சொல்வேன். மூன்றாம் வருடம் மளிகை பாக்கியும் வாடகை பாக்கியும் சேர்ந்து, அக்காவின் நகையை விற்றுக் கடையை மூடினார்கள். கூட்டம் குறையவில்லை, ருசியும் குறையவில்லை. பிறகு நோட்டுகளைப் புரட்டியபோதுதான் காரணம் புரிந்தது. நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

முதலாவது, வீடு வேறு, கடை வேறு. மெஸ் மூட்டையிலிருந்தே வீட்டுக்கும் அரிசி போனது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கல்லாவிலிருந்துதான். எடுப்பது தப்பில்லை, எழுதிவிட்டு எடுக்க வேண்டும். கணக்கில் அதற்கு 'எடுப்பு' என்று பெயர்.

இரண்டாவது, முன்பணம் வருமானம் அல்ல. கல்யாணச் சமையலுக்கு வாங்கிய அட்வான்சை மாமா பழைய பாக்கிக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குக் காய்கறி வாங்க மறுபடியும் கடன். மே மாதம் மலைக்கு வருகிறவர் ஏப்ரலில் அறைக்குப் பணம் அனுப்பினால், அவர் வந்து தங்கும்வரை அது நீங்கள் அவருக்குப் பட்ட கடன். கணக்கில் அது 'பொறுப்பு'.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். விருந்தினரிடம் வசூலித்த வரி அரசாங்கத்தின் பணம். அதில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, மாதக் கடைசியில் சரக்கை எண்ணுங்கள். உதாரணத்துக்கு, மாதம் தொடங்கும்போது கையிருப்பு 12,000 ரூபாய்க்கு இருந்தது. வாங்கியது 60,000. கடைசியில் மிச்சம் 10,000. வீட்டுக்கு எடுத்தது 4,000. அப்படியானால் சமையலுக்குச் செலவானது 58,000. விற்பனை 1,45,000 என்றால், நூறு ரூபாய் சாப்பாட்டில் நாற்பது ரூபாய் சரக்குக்கே போகிறது. மீதி அறுபதில்தான் கேஸ், கூலி, வாடகை, கரண்ட், வட்டி எல்லாம். மாமா இந்தக் கணக்கைப் போடவே இல்லை. பக்கத்துக் கடை விலையைப் பார்த்து அதே விலை வைத்தார்.

நான்காவது, விடுதிக்காரர்களுக்கு. விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். நேற்று ராத்திரி காலியாக இருந்த அறையை இன்று விற்க முடியாது. நான்கு அறை, முப்பது நாள் என்றால் 120 இரவுகள். அதில் 48 இரவுகள் ஆள் வந்தால், 1,200 ரூபாய் வாடகையில் வருவது 57,600. அதை 120-ஆல் வகுத்தால் 480. ஆக, உங்கள் அறை ஒரு நாளைக்குச் சம்பாதிப்பது 1,200 அல்ல, 480. அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் இன்னும் குறையும். கட்டட வாடகை, ஆள் சம்பளம், துணி வெளுக்கும் கூலி எல்லாம் அதற்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனி நோட்டு போடுங்கள். நியூயார்க் ஹோட்டல்காரர்கள் 1926-லேயே தங்களுக்கென ஒரே மாதிரியான கணக்கு முறையை வகுத்துக்கொண்டார்கள். அதிலும் அறை வருமானம் தனி, சாப்பாட்டு வருமானம் தனி. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்று மறைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

ஆகவே, பணம் போடுவதற்கு முன்பே வாருங்கள். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். நோட்டும் பேனாவும் கொண்டு வந்தால் போதும்.