அதில் பாதி



மேற்கே கல்வராயன் மலை நீலமாய்த் தெரிய, சங்கராபுரத்துக் களத்துமேட்டில் நெல் அளக்க உட்காரும் பெரியவர், முதல் மரக்காலைக் கொட்டும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்பார், அடுத்ததற்குத்தான் ‘இரண்டு’. அந்த வழக்கம் அறியாத ஒருவர் அருகில் நின்று கேட்டால், லாபமென்று கொட்டியது கணக்கில் சேர்ந்ததா, தர்மமாகப் போனதா என்று சந்தேகிக்கக்கூடும். ஊராருக்கோ அந்தச் சந்தேகம் எழுவதேயில்லை.

ஒரே பேச்சை இருவர் இருவிதமாகக் கொள்வது விடுகதைகளிலும் உண்டு. மரத்தில் பத்துக் குருவி, ஒன்றைச் சுட்டால் மிச்சம் எத்தனை என்பதை அறியாதவர் இல்லை. ஒன்பது என்பவன் கழித்தலை நினைக்கிறான். ஒன்றுமில்லை என்பவன் வெடிச் சத்தத்தை நினைக்கிறான்.

என் மனத்தை நெடுநாளாக ஆட்கொண்டது வேறொரு விடுகதை. ‘நூறு பேரா நீங்கள்?’ என்று கேட்டவனிடம், ‘எங்கள் கூட்டமும், அத்தனையே இன்னொரு கூட்டமும், கூட்டத்தில் பாதியும், அதில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு’ என்றனவாம் பறவைகள். 36, மீண்டும் 36, 18, 9, கேட்டவன் ஒருவன், ஆக நூறு. ஆனால் ‘அதில்’ என்ற சொல்லைப் பாதியின்மேல் ஏற்றாமல் முழுக் கூட்டத்தின்மேல் ஏற்றிக்கொண்ட பிள்ளைக்கு 33 என்று விடை வரும்: 33, 33, பதினாறரை, பதினாறரை, ஒன்று. கூட்டிப் பாருங்கள், அதுவும் நூறுதான்! அவன் கணக்கில் அணுவளவும் பிழையில்லை. பதினாறரைப் பறவை பறக்காது என்பதொன்றே அவனுக்கு எதிரான பிரமாணம்.

நம் முன்னோருக்கு இந்த மயக்கம் ஏன் நேரவில்லை என்று யோசித்தால், திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கீழ்வாயிலக்கம் என்னும் பின்ன வாய்பாடு நினைவுக்கு வருகிறது. அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி என்று படிப்படியாக இறங்கிப் பழகிய நாவுக்கு, ‘அதில் பாதி’ என்பது எப்போதும் கடைசியாகச் சொன்னதன் பாதியே. நம் நாட்டில் மட்டுமா? 804-ஆம் ஆண்டில் மறைந்த ஆங்கில தேசத்து அறிஞர் ஆல்குயின் பெயரால் வழங்கும் இலத்தீன் தொகுப்பிலும், எதிர்ப்படும் மனிதர் கூட்டத்தைப் பற்றிய இத்தகைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் விடையும் 36 என்பதைக் கண்டபோது நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை.

33 என்பதில் பிசகியது கணக்கு அல்ல, ‘அதில்’ என்ற சொல்லைக் கொண்ட விதமே; ஆகையால், அப்படிச் சொல்லும் குழந்தையை அதட்டாதீர்கள். ‘அதில்’ என்றதை எதுவென்று நினைத்தாய் என்று கேளுங்கள். ஒரு சொல்லில் விடையே மாறிவிடுவதால், உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் கணக்கு விடுகதைகளை, அவர்கள் வாயில் வந்த சொல் ஒன்றுகூட மாறாமல் எழுதி வையுங்கள்.